ஐம்பது தோட்டாக்களிலும் ஒரே அளவு மருந்து

சென்ற ஜனவரியில் ஒரு சனிக்கிழமை இரவு, ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் உள்ள எங்கள் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து, ஒரு வாரத்துக்கு முன் நானே நிரப்பி முடித்திருந்த 28 தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். குண்டு கழற்றும் பிளாஸ்டிக் சுத்தியலின் தலைக்குள் தோட்டாவைப் பொருத்திச் சிமெண்டுத் தரையில் மூன்று நான்கு முறை ஓங்கித் தட்டினால், குண்டும் வெடிமருந்தும் சுத்தியலின் வயிற்றுக்குள் உதிரும். அதை ஒரு தட்டில் கொட்டி, குண்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மருந்தை மட்டும் நண்பரிடம் இரவல் வாங்கி வந்த கைத்தராசில் நிறுத்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். பெட்டியில் தோட்டாக்கள் நிரப்பிய வரிசையிலேயே இருந்ததால் நடந்தது என்னவென்று எழுத எழுதவே தெரிந்தது. 23ஆவது தோட்டாவில் நான் குறித்துவைத்திருந்த எடையைவிட 0.3 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் என்பது கிராமில் சுமார் பதினைந்தில் ஒரு பங்கு) கூடுதல்; 35ஆவதில் 0.4, கடைசியாக நிரப்பிய 50ஆவது தோட்டாவில் 0.6 கிரெய்ன் கூடுதல். முன்னால் நிரப்பிய 22 தோட்டாக்களை அன்று காலைதான் சுட்டு முடித்திருந்தேன். குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானியில் எண்கள் ஒரே சீராக மேலேறிக்கொண்டே போனதைப் பார்த்துத்தான் பாதியில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நான் எடுத்துக்கொண்ட மருந்தளவு கையேட்டின் உச்ச அளவுக்குக் கணிசமாகக் கீழே இருந்ததால் எதுவும் ஆகவில்லை. உச்சத்துக்கு அருகில் வேலை செய்பவராக இருந்திருந்தால், தெரியாமல் சேர்ந்த அந்த 0.6 கிரெய்ன் அச்சப்பட வேண்டிய அளவுதான். தோட்டாவின் உச்சத்தை நெருங்க நெருங்க, மருந்து ஒரு பங்கு கூடினால் அழுத்தம் ஒரு பங்கோடு நிற்காது. அதைவிட வேகமாக ஏறும். நான் நிரப்பும் .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பான 'சாமி' விதித்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அந்த அழுத்தம் கன்னத்திலிருந்து ஒரு சாண் தொலைவில் உருவாகிறது என்பதை ஒவ்வொரு முறை தராசுக்கு முன் உட்காரும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

மேலே போவதற்கு முன் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டப்படி, ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ள உரிமம் தேவையில்லை. விற்பதற்காகச் செய்தால் உரிமம் கட்டாயம். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இங்கே நான் எழுதுவது, இந்தப் பழக்கம் சட்டத்துக்கு உட்பட்டிருக்கும் ஊரில் வாழ்ந்து, இதைத் தொடங்கியிருக்கும் அல்லது தொடங்க நினைக்கும் தமிழர்களுக்காக. இரண்டாவது, எந்தக் குண்டுக்கு எந்த மருந்து எத்தனை கிரெய்ன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அதை மருந்து தயாரிப்பாளரும் குண்டு தயாரிப்பாளரும் சோதித்து வெளியிடும் கையேட்டிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். அதிலும் தொடக்க அளவிலிருந்து படிப்படியாக ஏற வேண்டும். நான் பேச வருவது, அப்படித் தேர்ந்தெடுத்த அளவை ஐம்பது தோட்டாக்களிலும் எப்படி ஒரே மாதிரி கொண்டுவருவது என்பதைப் பற்றி மட்டுமே.

தோட்டாவுக்கு உறுப்புகள் நான்கு. பித்தளை உறை, அதன் அடியில் பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்டபின் உறை மட்டும் நமக்கு மிஞ்சும். அதைச் சுத்தம் செய்து, அச்சில் அழுத்தி மீண்டும் வடிவுக்குக் கொண்டுவந்து, மற்ற மூன்றையும் புதிதாக வைத்தால் மறுபடியும் தோட்டா. நான் எங்கள் மன்றத்தில் 600 கெஜத் தொலைவுப் போட்டிகளில் சுடுகிறேன். ஈரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெர்ரிக்கு 1907இல் வந்த தேசியப் போட்டிகளுக்கு எங்கள் மாநிலமே இடமாக இருப்பதால், இங்கே தொலைதூரச் சுடுதலில் ஈடுபாடுள்ளவர்கள் நிறையப் பேர். அவர்களில் பெரும்பாலோர் தோட்டாவைத் தாங்களே நிரப்புகிறவர்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் அவர்களில் ஒரு பெரியவர்தான் எனக்கு இந்தக் கைவேலையைக் கற்றுக்கொடுத்தார். அவர் முதல் நாள் எனக்குச் செய்யச் சொன்ன வேலை, ஒரு தோட்டாகூட நிரப்பாமல், வெறுமனே மருந்தை அளந்து அளந்து மீண்டும் டப்பாவிலேயே கொட்டுவது. அன்று அது எனக்கு வீண் வேலையாகப் பட்டது. இன்று யாராவது என்னிடம் கற்க வந்தால் நானும் அதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் எல்லாம் கிரெய்ன் கணக்கு. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். ஒரு கிராமுக்குச் சுமார் 15.43 கிரெய்ன். நாம் துரத்தும் 0.1 கிரெய்ன் என்பது ஏறத்தாழ 6.5 மில்லிகிராம். நம் ஊர்ப் பொற்கொல்லர்கள் குன்றிமணி வைத்து எடை பார்த்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் குன்றிமணி ஒன்றை ஏறத்தாழ இருபது பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவு. வார்கெட் என்ற குச்சி வடிவ மருந்தில் ஒரு மணியின் எடை சுமார் 0.02 கிரெய்ன், ஆக ஐந்து மணிகள் கூடினாலோ குறைந்தாலோ 0.1 கிரெய்ன் மாறிவிடும். மணிகளை ஒவ்வொன்றாக எண்ணும் அளவுக்கு நுணுக்கமான வேலை இது என்பதை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொண்டால் பிறகு பொறுமை தானாக வரும்.

மருந்தை அளக்க இரண்டு வழிகள். கன அளவால் அளப்பது ஒன்று, எடையால் அளப்பது மற்றொன்று. கன அளவுக்குப் பயன்படும் கருவியைப் பவுடர் மெஷர் என்கிறோம். மேலே மருந்து நிற்கும் ஒரு குழல், கீழே ஓர் உலோக உருளை, உருளையில் திருகால் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு குழி. கைப்பிடியை மேலே தள்ளினால் குழி மேல்நோக்கித் திரும்பி மருந்தை வாங்கிக்கொள்ளும்; கீழே இழுத்தால் குழி கவிழ்ந்து மருந்தை உறைக்குள் கொட்டும். இதன் தத்துவம் நம் வீட்டுப் படியின் தத்துவமேதான். படியால் அரிசி அளந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதன் குணமும் குறையும் சொல்லாமலே புரியும். அரிசியை மெல்லச் சரித்து நிரப்பித் தலைதட்டினால் ஓர் அளவு. படியைத் தரையில் இரண்டு குத்துக் குத்தித் தலைதட்டினால் வேறோர் அளவு. படி ஒன்றுதான், அரிசியும் ஒன்றுதான். மாறியது மணிகள் ஒன்றோடொன்று நெருங்கி அமர்ந்த விதம். பவுடர் மெஷரிலும் சிக்கல் முழுவதும் இந்த 'அமர்தல்' ஒன்றில்தான் இருக்கிறது. குழிக்குள் மருந்து ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக அமர்ந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே எடை விழும்.

அப்படி அமருமா என்பது முதலில் மருந்தின் வடிவத்தைப் பொறுத்தது. புகையில்லா மருந்து மூன்று வடிவங்களில் வருகிறது. 1930களில் வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் நிறுவனத்தில் பிரெட் ஓல்சன் உருவாக்கிய உருண்டை மருந்து, கடுகு போலத் தண்ணீராக ஓடும். அதை எந்த மெஷரில் போட்டாலும் பெரும்பாலும் 0.1 கிரெய்னுக்குள் நிற்கும். செதில் வடிவ மருந்து பெரும்பாலும் கைத்துப்பாக்கிக்கு. அதில் யுனீக் போன்ற பெரிய செதில் மருந்துகள் குழிக்குள் அடுக்கடுக்காகச் சாய்ந்து பாலம் கட்டிக்கொள்ளும் இயல்புடையவை. மூன்றாவது குச்சி வடிவம். 4064, 4895, வார்கெட் எல்லாம் இந்த இனம். நீளத் துப்பாக்கிக்காரர்களுக்கு மிகவும் பிடித்த மருந்துகளும் இவைதாம், மெஷருக்கு மிகவும் அடங்காதவையும் இவைதாம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அரசிடம் மிஞ்சிய 4895 மருந்தை மொத்தமாக வாங்கி, பொதுமக்களுக்குச் சில்லறையாக விற்றுத்தான் புரூஸ் ஹாட்ஜ்டன் தம் வணிகத்தைத் தொடங்கினார். வீட்டில் தோட்டா நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் பரவியதில் அந்த மலிவான குச்சி மருந்துக்குப் பெரும் பங்கு உண்டு.

குச்சி மருந்தை மெஷரில் அளக்கும்போது கைக்கு ஒரு செய்தி வரும். கைப்பிடியை இழுக்கையில் குழியின் விளிம்பில் குறுக்கே மாட்டிய ஒரு மணியை உருளை வெட்டினால், 'நறுக்'கென்று ஓர் அதிர்வு விரலில் தெரியும். அந்த வெட்டு மென்மையாக இருந்தால் பாதகமில்லை. கைப்பிடி நின்று, அழுத்திய பின்னரே நகர்ந்தால், அந்தத் தடவை விழுந்த மருந்து மற்றவற்றோடு ஒத்துப்போகாது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நான் அதைத் தராசில் வைத்துப் பார்ப்பதுகூட இல்லை. நேராகக் குழலிலேயே திரும்பக் கொட்டிவிடுகிறேன். மறுபடி அளக்கும்போதும் ஒரு வெட்டு விழுந்தால் அதையும் கொட்டிவிடுகிறேன்.

பழக்கத்தில் நான் மாற்றிக்கொண்டவற்றுள் பெரிய பலன் தந்தது கைப்பிடியின் தாளம். மேலே தள்ளும்போது ஒரே வேகம். மேல் எல்லையில் கைப்பிடி தட்டி நிற்கும்போது ஒரே விசை. அங்கே ஒரு மூச்சுப் பொழுது நிறுத்தம். பிறகு ஒரே வேகத்தில் கீழே. சிலர் மேல் எல்லையில் இரண்டு முறை தட்டுவார்கள், சிலர் தட்டவே மாட்டார்கள். எது சரி என்ற விவாதத்தில் பொருளில்லை. எதைச் செய்தாலும் ஐம்பது முறையும் அதையே செய்கிறோமா என்பதுதான் கேள்வி. ஒரே நாளில் ஒரே மருந்தை வைத்து நான் செய்த ஒரு சோதனையில், தாளம் பார்க்காமல் பேசிக்கொண்டே அளந்த 30 அளவுகளில் மிகக் குறைந்ததற்கும் மிகக் கூடியதற்கும் இடையே 0.7 கிரெய்ன் வித்தியாசம் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு, கைப்பேசியை மாடியில் வைத்துவிட்டு, தாளம் மாறாமல் அளந்த 30 அளவுகளில் அது 0.3 ஆகச் சுருங்கியது. கருவியும் மருந்தும் குழியின் திருகும் எதுவும் மாறவில்லை.

குழலில் நிற்கும் மருந்தின் உயரமும் முக்கியம். குழல் நிறைந்திருக்கும்போது மேலிருக்கும் எடை கீழிருப்பதை அழுத்திக் குழிக்குள் நெருக்கமாக அமரச் செய்யும்; குழல் காலியாகிக்கொண்டே வரும்போது அந்த அழுத்தம் குறையும், குழிக்குள் விழுவதும் குறையும். இதைத் தடுக்கத்தான் குழலுக்குள் பேஃபிள் என்ற மடித்த தகடு வைக்கிறார்கள். மேலே எவ்வளவு மருந்து இருந்தாலும், தகட்டுக்குக் கீழே உருளையின் மீது நிற்கும் மருந்து ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும். பல மெஷர்களில் அது வாங்கும்போதே வருவதில்லை. வாங்கிப் போடுவது நல்லது. அது இருந்தாலும், குழல் பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் நான் நிரப்பிக்கொண்டே இருப்பேன். புதிதாக ஊற்றியவுடன் விழும் முதல் பத்துப் பன்னிரண்டு அளவுகளைக் கணக்கில் சேர்க்காமல் திரும்பக் கொட்டிவிடுவேன், மருந்து குழலுக்குள் அமர்ந்து நிலைக்கும் வரை.

குளிர்காலத்தில் இங்கே வேறொரு தொல்லை. வெளியே பனி, உள்ளே ஹீட்டர். வீட்டுக் காற்றில் ஈரமே இருக்காது. பிளாஸ்டிக் குழலின் சுவரில் மருந்து மணிகள் மின்னேற்றத்தால் ஒட்டிக்கொண்டு நிற்கும்; புனலின் கழுத்தில் நான்கைந்து மணிகள் தொங்கும்; அடுத்த உறைக்குள் அவை சேர்ந்து விழும். மருந்து மணிகளின் மேல் பூசப்பட்டிருக்கும் கிராஃபைட் இதை ஓரளவு குறைக்கும், முழுதாகப் போக்காது. துணி உலர்த்தியில் போடும் டிரையர் ஷீட்டால் குழலையும் புனலையும் உள்ளே துடைத்துவிட்டால் அன்றைய வேலை முடியும் வரை ஒட்டாது. அலுமினியப் புனல் வாங்கிய பிறகு எனக்குப் புனலில் அந்தச் சிக்கலே இல்லை. ஈரமும் வறட்சியும் மருந்துக்குள்ளேயும் வேலை செய்யும் என்பதை மறக்கக் கூடாது. மருந்து காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், வறண்ட காற்றில் இழக்கும். உலர்ந்த மருந்து வேகமாக எரியும். இரவு முழுவதும் குழலில் திறந்து கிடந்த மருந்தையும் டப்பாவில் மூடிக் கிடந்த மருந்தையும் ஒரே எடைக்கு நிறுத்தாலும் இரண்டும் ஒரே வேகம் தரா.

தராசைப் பற்றிப் பேசினால்தான் ஜனவரி இரவின் கதை முடியும். அன்று நான் பயன்படுத்தியது சாதாரண எலெக்ட்ரானிக் தராசு. எடையால் வளையும் ஓர் உலோகத் துண்டின் மேல் ஒட்டிய உணரி, அந்த வளைவை மின்னளவாக மாற்றி எண்ணாகக் காட்டும்; விலை குறைந்த தராசுகள் பெரும்பாலும் இந்த வகைதான். உலோகத்தின் வெப்பநிலை மாறினால் எண்ணும் மாறும். குளிர்ந்து கிடந்த நிலவறைக்குப் போய், தராசை இயக்கி, சூடேறக் காத்திருக்காமல் உடனே நிறுக்கத் தொடங்கியது என் முதல் தவறு. மேசைக்கு நேர் மேலே ஹீட்டரின் காற்றுத்துளை இருந்ததும், அது அணைந்து அணைந்து எரிந்ததும் அதோடு சேர்ந்துகொண்டன. தராசின் சுழி, அதாவது பூச்சியம், மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அது காட்டிய எண் சரியாக இருக்கும்படி நான் மருந்தைச் சேர்த்துக்கொண்டே வந்தேன். ஒரே இடத்தில் துள்ளி மாறியிருந்தால் கவனித்திருப்பேன். ஒவ்வொரு தோட்டாவுக்கும் மருந்தில் அரை மணியளவு, ஒரு மணியளவு என்று நகர்ந்ததால் கண்ணுக்குப் படவில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி தராசிலேயே இருக்கிறது. அதை அன்று நான் பார்க்காமல் இருந்ததுதான் வருத்தம். காலித் தட்டை வைத்துச் சுழியாக்கிய பின் தட்டைத் தூக்கினால், தட்டின் எடை கழித்தல் குறியோடு தெரியும். என் தட்டுக்கு அது கழித்தல் 152.4 கிரெய்ன் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறை மருந்தை உறையில் கொட்டத் தட்டைத் தூக்கும்போதும் அதே 152.4 தெரிய வேண்டும். 152.6 என்று தெரிந்தால் சுழி நகர்ந்துவிட்டது; கையிலிருக்கும் மருந்தையும் நம்பக் கூடாது, அதற்கு முன் நிரப்பியதையும் திரும்பப் பார்க்க வேண்டும். இப்போது அந்த எண்ணை ஒரு சீட்டில் பெரிதாக எழுதித் தராசின் நெற்றியில் ஒட்டிவைத்திருக்கிறேன். அரை மணி நேரம் முன்னதாகத் தராசை இயக்கிவிட்டு, அதன்பின் உறைகளை எடுத்து வைக்கும் வேலையைப் பார்க்கிறேன். காற்றுத்துளையை அட்டையால் மூடிவிட்டேன். பத்துத் தோட்டாக்களுக்கு ஒருமுறை 20 கிராம் சோதனை எடைக்கல்லை வைத்துப் பார்க்கிறேன்.

இந்த வகைத் தராசுகளில் இன்னொரு மறைவான குணமும் உண்டு. எண் தானாக அலைபாயாமல் இருக்க, மிகச் சிறிய மாற்றங்களைத் தராசு கண்டும் காணாமல் விடும்படி அமைத்திருப்பார்கள். ஆகவே, திருகினால் மணி மணியாக உதிர்க்கும் டிரிக்லரால் மிக மெதுவாக மருந்தைச் சேர்த்தால், ஐந்தாறு மணிகள் விழுந்த பின்னும் எண் மாறாமல் நிற்கும். பிறகு திடீரென்று தாண்டிக் குதிக்கும். உதிர்த்து முடித்ததும் தட்டைத் தூக்கி மறுபடி வைத்து, இரண்டாவது முறை காட்டும் எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நண்பரிடம் நான் இரவல் வாங்கியது பழைய ஆர்சிபிஎஸ் 5-0-5 கைத்தராசு. கத்திமுனைத் தாங்கியில் ஊசலாடும் ஒரு கோல், அதன் மேல் நகர்த்தும் மூன்று படிக்கற்கள், ஆட்டத்தை அடக்க இரண்டு காந்தங்களுக்கு இடையே ஓடும் ஒரு தகடு, அவ்வளவுதான். மின்சாரம் கிடையாது, சூடேற வேண்டியது கிடையாது. தூசி இல்லாமலும், மேசை ஆடாமலும், காற்று படாமலும் பார்த்துக்கொண்டால் இன்று காட்டியதையே நாளையும் காட்டும். முள்ளை மேலிருந்து பார்த்தால் கோடு தவறித் தெரியும் என்பதால், கண்ணும் முள்ளும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி தராசை ஒரு பலகைமேல் உயர்த்தி வைக்க வேண்டும். அதைத் திருப்பிக் கொடுத்த மறுவாரமே நானும் ஒன்றைப் பழைய பொருள் விற்பவரிடம் தேடி வாங்கிவிட்டேன். எலெக்ட்ரானிக் தராசை விட்டுவிடவில்லை. இரண்டு சாட்சிகள் ஒத்துப்போனால்தான் எனக்கு இப்போது மனம் ஒப்புகிறது.

இன்னும் மேலே போக விரும்புகிறவர்களுக்கு ஏ அண்ட் டி நிறுவனத்தின் எஃப்எக்ஸ்-120ஐ போன்ற ஆய்வகத் தராசுகள் இருக்கின்றன. அவை உலோகத்தின் வளைவை அளப்பதில்லை. தட்டைத் தாங்கி நிறுத்த எவ்வளவு காந்த விசை தேவைப்படுகிறது என்பதை அளக்கின்றன. அதனால் 0.001 கிராம் வரை, அதாவது ஒரு மருந்து மணி வரை, உடனுக்குடன் தெரியும். 1,000 கெஜத்தில் சுடும் நண்பர்கள் அதைத்தான் நாடுகிறார்கள். நான் வாங்கவில்லை, அதற்கான கணக்கைச் சொல்கிறேன். என் .308இல் 0.1 கிரெய்ன் மாறினால் வேகம் நொடிக்கு ஐந்தாறு அடி மாறுகிறது. நொடிக்கு 2,600 அடி வேகத்தில் புறப்படும் 175 கிரெய்ன் குண்டுக்கு, 10 அடி வேக வித்தியாசம் 600 கெஜத்தில் உயரத்தை ஏறத்தாழ ஓர் அங்குலம் மாற்றும்; 1,000 கெஜத்தில் அது நான்கு அங்குலமாகிவிடும். 600 கெஜ இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 12 அங்குலம், அதற்குள் இருக்கும் எக்ஸ் வட்டம் 6 அங்குலம். ஆகவே இருபுறமும் 0.1 கிரெய்னுக்குள் மருந்தை நிறுத்தினால் அதனால் எனக்கு வரும் பிழை ஓர் அங்குலம். காற்றைத் தவறாகக் கணிப்பதால் வரும் பிழையோ அதைப்போல் பல மடங்கு. 1,000 கெஜத்துக்கு நான் போகும் நாளில் இந்தக் கணக்கு மாறும், அன்று அந்தத் தராசையும் யோசிப்பேன்.

எடை போடுவதே தேவையில்லை என்று வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் உலகின் மிகத் துல்லியமான சுடுநர்கள். துப்பாக்கியை மேசைமேல் தாங்கி வைத்துச் சுடும் 100, 200 கெஜ பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில், லூ பால்மிசானோவும் ஃபெரிஸ் பிண்டெலும் 1970களில் உருவாக்கிய 6 மில்லிமீட்டர் பிபிசி (PPC) தோட்டாவைத்தான் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். போட்டித் திடலிலேயே மேசை போட்டு, மெஷரின் கைப்பிடியை ஆட்டி நேராக உறைக்குள் மருந்தை விட்டு, அடுத்த சுற்றுக்குள் தோட்டாவைத் தயார் செய்துகொள்வார்கள். பின்லாந்தின் விட்டாவூரி என்133 மருந்து அவர்களுக்குப் பிரியமானது. அதுவும் குச்சி மருந்துதான். அத்தனை குறுகிய தொலைவில் சிறு வேக வித்தியாசம் உயரத்தை மாற்றுவதற்கு முன் குண்டு இலக்கைச் சேர்ந்துவிடுகிறது என்பது ஒரு காரணம். பல்லாயிரம் முறை ஒரே மாதிரி கைப்பிடியை ஆட்டிய கை என்பது மற்றொரு காரணம். என்னைப் பொறுத்தவரை அதுதான் நாம் கற்க வேண்டியது. அவர்களில் ஒருவர் அளப்பதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். தோள் அசையாது, முழங்கை மட்டும் அசையும். பேச்சுக் கொடுத்தால் கை நின்றுவிடும், பதில் சொல்லி முடித்த பிறகே அடுத்த அளவு.

கைத்துப்பாக்கித் தோட்டாக்களுக்கு வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே மருந்து மிகக் குறைவு, உறையோ பெரிது. .38 ஸ்பெஷல் தோட்டாவில் வேகமாக எரியும் மருந்தை இரண்டு முறை கொட்டினாலும் உறை வழியாது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அந்தத் தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டுதான்; இரட்டை மருந்து அதை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று எண்ணிப் பாருங்கள். எதிர்ப்புறம், மருந்தே விழாத உறையில் பிரைமர் மட்டும் குண்டைத் தள்ளிக் குழாயின் நடுவில் சிக்கவைத்துவிடும். அதைக் கவனியாமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் வெடிக்கும். ஆகவே 50 உறைகளையும் தாங்கியில் நிறுத்தி, மருந்து விட்ட பின், குண்டு வைப்பதற்கு முன், கைவிளக்கைப் பிடித்து ஒவ்வோர் உறைக்குள்ளும் மருந்தின் மட்டத்தைப் பார்ப்பதை நான் ஒருநாளும் விட்டதில்லை. மேசையில் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும், மற்றவை அலமாரியில். வேலை முடிந்ததும் குழலில் மிஞ்சியதை அதே டப்பாவில் கொட்டி, தூரிகையால் கடைசி மணி வரை பெருக்கி மூடிவிடுவேன். நைட்ரோகிளிசரின் கலந்த மருந்தைக் குழலில் விட்டுவைத்தால் பிளாஸ்டிக்கே பழுப்பேறி மங்கிவிடும் என்பது கூடுதல் காரணம்.

புதிய டப்பா திறக்கும்போது அதன் தொகுதி எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஒரே பெயர், ஒரே நிறுவனம் என்றாலும் தொகுதிக்குத் தொகுதி எரியும் வேகமும் அடர்த்தியும் சற்று மாறும். பழைய டப்பாவுக்கு வைத்த திருகு புதிய டப்பாவுக்கு வேறு எடையை விடும். எடை சரியாக இருந்தாலும் வேகம் மாறலாம். அளவைக் குறைத்துக்கொண்டு மீண்டும் ஏறி வருவதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி இல்லை.

உங்கள் மெஷரின் உண்மையான நிலையை அறிய விரும்பினால், பத்து அளவுகளைச் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுக்கும் வழக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். அது சராசரியைச் சொல்லும். ஏற்ற இறக்கத்தை மறைத்துவிடும். 30 அளவுகளைத் தனித்தனியே நிறுத்து, விழுந்த வரிசையிலேயே எழுதிப் பாருங்கள். எண்கள் மேலும் கீழுமாகச் சிதறினால் கையின் தாளத்தையும் மருந்தின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். ஒரே திசையில் மெல்ல நகர்ந்தால் தராசையும் குழலில் மருந்தின் உயரத்தையும் பார்க்க வேண்டும். என் 28 தோட்டாக்கள் காட்டியது இரண்டாவது வகை. வரிசையைக் கலைத்து எழுதியிருந்தால் எனக்கு அது தெரிந்தே இருக்காது.

அந்தக் குண்டுகளையும் உறைகளையும் வீணாக்காமல் பிப்ரவரியில் மறுபடி நிரப்பினேன். மெஷரில் 0.3 கிரெய்ன் குறைவாக அளந்து, மீதியை டிரிக்லரால் மணி மணியாக உதிர்த்து, இரண்டு தராசிலும் வைத்துப் பார்த்து முடிக்க 28 தோட்டாக்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. மார்ச் முதல் வாரம், பனி விலகிய ஒரு காலையில் சுட்டபோது, வேகமானியில் மிகக் குறைந்ததற்கும் மிகக் கூடியதற்கும் இடையே 27 அடி வித்தியாசம். மருந்தால் வந்திருக்கக்கூடியது அதில் பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேல் இருக்காது. மீதி உறைகளின் கழுத்திலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். ஐந்தாறு முறை சுட்ட பித்தளை இறுகிப்போய், குண்டைச் சிலது கெட்டியாகவும் சிலது தளர்வாகவும் பிடிக்கிறது. அவற்றின் கழுத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தும் வேலையை இந்த வாரம் தொடங்கியிருக்கிறேன்.